இழுபட்ட காரும் நாலு தேசிக்காயும்

பேய், காத்து, கறுப்பு எண்டு ஆராவது கதை எடுத்தா எனக்கு வாறது பயமில்லை, அருவருப்பு. படிச்ச சனம் இப்பிடியும் கதைக்குமோ எண்டு எழும்பிப் போடுவன். நீங்கள் இப்ப முகத்தை வச்சிருக்கிற மாதிரித்தான் நானும் வச்சிருந்தனான். பரவாயில்லை, கேட்டிட்டுச் சிரியுங்கோ.

மகள் ஆரணிக்கு மெல்பேர்ணில வேலை கிடைச்சுது. அவளின்ர சின்னக் கார் டூங்கபியில எங்கட வீட்டு வாசல்ல சும்மா நிண்டது. நாங்கள் வேலையை விட்ட பிறகு ஒரு பழைய மோட்டர்ஹோம் வாங்கினனாங்கள், படுக்கை, குசினி எல்லாம் உள்ளுக்க இருக்கிற பெரிய வான். மனிசி வசந்தி, "இஞ்சாருங்கோ, காரையும் பின்னுக்குக் கொளுவிக்கொண்டு போவம், பிள்ளை பஸ்சில அலையிறாள்" எண்டாள். அந்தக் கோதாரி வேலையைப் பற்றி ஆரும் எனக்கு முதலே சொல்லேல்லை. காரின்ர நாலு சில்லும் றோட்டில உருள, ஒரு இரும்புச் சட்டத்தால வானோட பூட்டி இழுக்கவேணும். கியரை நியூட்ரலில போட்டு, ஹாண்ட் பிறேக்கை இறக்கி, ஸ்டியரிங் இறுகாமல் இருக்கத் திறப்பை உள்ளுக்கயே விட்டிட்டு, மற்றத் திறப்பால கதவைப் பூட்டவேணும். கையெல்லாம் கிறீஸ், முதுகு முறிஞ்சு போச்சுது, எனக்கு விசர் வந்திட்டுது.

அந்த நேரம் பாத்து வசந்தி பக்கத்தில வென்ட்வேர்த்வில் கடையில வாங்கின தேசிக்காய், எலுமிச்சங்காய்தான், அதோட வாறாள். வானின்ர சில்லுகளுக்குக் கீழ, கண்ணூறு படாமல் நசிக்க வச்சாச்சு, சரி. காருக்கும் வைக்கப் போறாளாம். "இது ஓடப் போறேல்லையடியப்பா, இழுபடத்தானே போகுது" எண்டன். "சில்லு உருளுதெல்லோ, அப்ப வைக்கத்தான் வேணும்" எண்டாள். எனக்கிருந்த எரிச்சலில அந்த நாலையும் பறிச்சு, பையோட முடிஞ்சு, காரின்ர பின் சீற்றில எறிஞ்சுபோட்டுக் கதவைப் பூட்டினன். திறப்பு என்ர பொக்கற்றுக்க. இதை ஞாபகம் வச்சிருங்கோ.

ரெண்டு மணித்தியால ஓட்டம், கோல்பேர்ண் எண்ட ஊர் தாண்டும் வரைக்கும் ஒண்டுமில்லை. நல்ல வெய்யில். பிறகு வான் இழுக்கக் கஷ்டப்படுற மாதிரி ஒரு பாரம். பின் கமராவில காரின்ர மூக்கு மட்டும்தான் தெரியும், அது ஒழுங்காத்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு லொறிக்காரன் பக்கத்தில வந்து ஹோர்ன் அடிச்சு, கையைக் காட்டித் திட்டிக்கொண்டு போனான். குடிகாரன் எண்டு நினைச்சன். அடுத்த பெற்றோல் செட்டில நிப்பாட்ட, அவனே எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறான்.

இழுபடுற காருக்குள்ள ஆளை இருத்துறது சட்டப்படி பிழை, தெரியாதோ எண்டு கேட்டான். ஆரும் இல்லையெண்டன். "சின்ன உருவம். முகம் ஸ்டியரிங்கில முட்டுற மாதிரி இருந்துகொண்டு வருது. பிறேக்கையும் பிடிச்சுக்கொண்டு வருது, புகையைப் பார்" எண்டான். பாத்தன். பின் சில்லு ரெண்டிலயும் புகை. றப்பர் எரிஞ்ச நாத்தம், அதுக்குக் கீழ வேற ஒரு நாத்தம், அதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.

பொக்கற்றில இருந்த திறப்பால நான்தான் கதவைத் திறந்தனான். நான் இறக்கிவிட்ட ஹாண்ட் பிறேக் மேல இழுத்திருந்தது. நெட்டையான என்ர மகளுக்காகக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளியிருந்த சீற், ஸ்டியரிங்கோட ஒட்டினபடி முன்னுக்கு நிண்டது. பின் சீற்றில பை நான் போட்ட முடிச்சோட அப்பிடியே கிடந்தது. உள்ளுக்க நாலு தேசிக்காயும் டயர் ஏறின மாதிரித் தட்டையாய். காலமை வாங்கினது, நம்பினா நம்புங்கோ, கறுத்துப் பூஞ்சணம் பிடிச்சுப் புழுவும் வச்சிருந்தது. தூக்க, பை கிழிஞ்சு முழுக்க என்ர கையில ஊத்திச்சுது. அந்தப் பெற்றோல் செட்டிலயே சத்தி எடுத்தன். எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் ரெண்டு நாளாய் அந்தக் கையால சோறு தின்னேலாமல் போச்சுது.

லொறிக்காரன் எட்டிப் பாத்திட்டு, லொறியில ஏறிப் போட்டான். வசந்தி அழுதாள். "பிள்ளைக்கு இந்தக் காரைக் குடுக்க வேண்டாமப்பா" எண்டாள். நான் கேக்கேல்லை. பிறேக் சூட்டில இறுகியிருக்கும், சீற் குலுக்கலில நகர்ந்திருக்கும் எண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லி, மெல்பேர்ணில ஒரு கராஜில எல்லாத்தையும் சரிபாத்து, கழுவி, மகளின்ர கையில திறப்பைக் குடுத்தன். அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. சொன்னா அந்தக் காரில தனிய எப்பிடிப் போவாள்?

எல்லாரும் என்னட்டக் கேக்கிறது, அது எங்க ஏறினது எண்டுதான். டூங்கபியிலயோ, வழியிலயோ, எனக்குத் தெரியாது. ஆனா மெல்பேர்ணில அது இறங்கினதையும் நான் காணேல்லை.

போன கிழமை ஆரணி ஃபோன் எடுத்தாள். "அப்பா, இந்த சீற் லூஸ் போல. ஒவ்வொரு நாள் காலமையும் முன்னுக்கு வந்து நிக்குது, என்ர முழங்கால் ஸ்டியரிங்கில இடிக்குது. மெக்கானிக்கிட்டக் காட்டினா ஒரு பிழையும் இல்லையாம்" எண்டாள். பிறகு சிரிச்சுக்கொண்டு, "காருக்க தேசிக்காய் ஏதும் விட்டிட்டுப் போனீங்களோ, ஒரே மணம்" எண்டாள்.