விறகுக்குத் தம் போட்ட மச்சான்

அந்தப் பையை முதன்முதலாகப் பார்த்த மத்தியானம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் யூனிட்டில் ஜம்போ பைகள் தைக்கிறோம். உரம், மாவு, பிளாஸ்டிக் குருணை என்று எதையாவது டன் கணக்கில் அடைத்துக் கிரேனில் தூக்குகிற வெள்ளைப் பைகள். ஓர் ஆளை உள்ளே நிற்கவைத்தால் தலை மட்டும் வெளியே தெரியும். தூக்குவதற்கு நாலு மூலையிலும் வார் இருக்கும். தையல் ஹாலில் சூபர்வைசராகக் காலம் தள்ளிய எனக்கு, பையில் அதிசயப்பட இனி ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பு. அன்றைக்கு மேசைமேல் விரித்துக் கிடந்த மாதிரிப் பையில், ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை கொசுவலை போல வலைப்பட்டை ஓடியது. வெங்காயத்துக்கா என்று கேட்டேன். விறகுக்கு என்றார் மேனேஜர். குளிர் நாட்டுக்காரர்கள் வாங்குவார்களாம். காற்று உள்ளே புகுந்து புறப்பட்டு விறகு தானாகக் காய்ந்துகொண்டே இருக்குமாம். விறகுக்கென்றே ஒரு பை என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பூந்தமல்லியில் எனக்கு ஒரு மச்சான் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அந்த வட்டாரத்தில் கல்யாண பிரியாணி போடுகிற பண்டாரி. பெரிய தேக்சாவில் கறியும் அரிசியும் சேர்ந்து முக்கால் பதம் வந்ததும் மூடியைப் போட்டு, விளிம்பைச் சுற்றிப் பிசைந்த மைதாவை அப்பி அடைத்து, மூடிமேல் தணலை வாரிக் கொட்டித் தம்மில் விடுவார். அந்த அடைப்பில் ஊசிமுனை அளவு ஆவி கசிந்தாலும் அவருக்குப் பொறுக்காது. ஈர மாவோடு ஓடுவார். வீட்டிலும் அதே புத்திதான். ஊறுகாய் ஜாடிக்கு மூடி, மூடிமேல் துணி, துணிமேல் பிளாஸ்டிக் தாள், அதற்குமேல் இரண்டு ரப்பர் பேண்டு. அக்கா ஒரு மாங்காய்த் துண்டை வெளியே எடுப்பதற்குள் நாங்கள் சாப்பிட்டு எழுந்துவிடுவோம்.

அவருக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி மழைதான். பாரிவாக்கத்தில் ஒரு பழைய லாரி மெக்கானிக் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, சவுக்கையும் புளியங்கட்டையையும் தரையிலேயே அடுக்கி வைத்திருந்தார். மழைக்காலம் வந்தால் தரை ஊறும், தரையோடு விறகும் ஊறும். அப்படி ஒரு மழைக்காலக் கல்யாணத்தில் ஈர விறகு புகைந்து புகைந்து சோற்றில் புகை வாடை ஏறிவிட்டது. சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார்கள். ஒரு பண்டாரிக்கு அதற்குமேல் வாய்விட்டு என்ன சொல்லவேண்டும்? அந்தப் பந்தியில் பட்டாபிராமிலிருந்து வந்த ரயில்வேக்காரர் ஒருவரும் இருந்தார். மச்சானின் போதாத காலம், அவர் மகனுக்குத்தான் பிற்பாடு அக்கா மகளைப் பேசி முடித்தோம். நிக்காஹ் வைத்ததும் அடைமழை மாதத்தில்.

சம்பந்தி தங்கமான மனிதர், பதமாகத்தான் ஆரம்பித்தார். பெண்ணைப் பெற்றவர் கல்யாணத்தன்று அடுப்படியில் வேகவேண்டாம், ஆவடியில் கேஸ் அடுப்பில் நன்றாகச் சமைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், நானே பேசிவிடுகிறேன் என்றார். அவர் சொல்லாமல் விட்டது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. மச்சானின் முகம் சுண்டிப்போயிற்று.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு வேற ஒருத்தன் தம் போட, நான் கைய கட்டிகினு பாத்துகினு இருக்கணுமா சம்பந்தி? எவ்ளோ மழ பெஞ்சாலும் புகை வாட வராது. வந்துச்சுன்னா அப்பால நான் கரண்டியத் தொடவே மாட்டேன்."

உள்ளே அக்கா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கூடத்துக்கே கேட்டது. மச்சானுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்தாலும் செய்யமாட்டார். இந்தப் பேச்சு நடந்து கொஞ்ச நாளில்தான் அந்த வலைப்பை என் கண்ணில் பட்டது. இப்போது சொல்லுங்கள், எனக்கு ஏன் சிலிர்க்காது?

ஆனால் பை கிடைக்கவேண்டுமே. எல்லாம் கப்பலேறப் போகிறவை. ஒன்றைக்கூடக் கேட்க வாய் வரவில்லை. அதிர்ஷ்டம் அச்சடிக்கிற மெஷின் ரூபத்தில் வந்தது. பைமேல் பெரிதாக ஒரு தீச்சுவாலை படம் இருக்கவேண்டும். துணியை யாரோ திருப்பிப் போட்டுவிட்டதில் ஒரு கட்டு முழுக்கத் தீ தலைகீழாக விழுந்துவிட்டது. மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார், சூபர்வைசரான நானோ மனசுக்குள் குத்தாட்டம் போட்டேன். ஓனரிடம் நேரே போய்க் கேட்டேன். தள்ளுபடிச் சரக்கு, எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டார். அன்று சாயங்காலமே ஒரு குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு பாரிவாக்கம் போய் இறக்கினேன். மச்சான் ஒரு பையை விரித்து, வலைப்பட்டையில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். அந்தப் பக்கம் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். அப்புறம் தலைகீழ்த் தீயைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "இது தப்பு இல்ல மாப்ளே. நம்ம மூடி மேல இருக்குற தணலு இப்டித்தான் கீழ பாத்து எரியும். இவன் எவனோ பண்டாரி ஊட்டுப் புள்ள."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்களுக்கு வேறு வேலையே இல்லை. கட்டைகளைப் பிளந்து, லாரியில் கழித்துப்போட்ட மரச்சட்டங்களைத் தரையில் பரப்பி, அதன்மேல் பைகளை நிறுத்தி, வலை வழியாகக் காற்று ஓட இடம் விட்டு அடுக்கினோம். ஆடிக் காற்றும் ஆவணி வெயிலும் போட்டி போட்டுக்கொண்டு காயவைத்தன. மச்சான் தினமும் போய் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். ஈரக் கட்டை தொப்பென்று சொல்லும், காய்ந்தது டங்கென்று சொல்லும். முதல் டங் கேட்ட அன்று எனக்கு போன் போட்டு, பேசாமல் போனுக்குப் பக்கத்தில் கட்டையைத் தட்டிக் காட்டினார். தையல் மெஷின் இரைச்சலில் நான் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மைதான், அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

மழை தொடங்கிய சமயம் எங்கள் யூனிட்டில் ஏற்றுமதி அவசரம்; சில வாரம் என்னால் ஷெட் பக்கம் போக முடியவில்லை. விறகு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால், அதெல்லாம் பத்திரமாகக் கீது, ஒரு பொட்டுத் தண்ணி உள்ள போகாது என்பார். நானும் நம்பினேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அக்காவோடு ஷெட்டுக்குப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நீலத் தார்ப்பாய் போட்ட பெரிய மூட்டை ஒன்று நின்றது. தார்ப்பாயை மேலிருந்து தரைவரை போர்த்தி, கயிறு சுற்றி இறுக்கி, கீழ் விளிம்பில் இடைவெளி இல்லாமல் ஈர மணலை அப்பியிருந்தார். அப்படியே தேக்சா விளிம்பில் மாவை அப்புகிற நேர்த்தி. பெருமையோடு என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஒரு ஓரத்தைத் தூக்கினேன். உள்ளேயிருந்து குப்பென்று வெதுவெதுப்பான ஆவி முகத்தில் அடித்தது. தார்ப்பாயின் உட்பக்கம் முழுக்க வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. வலைப்பட்டைக்கு உள்ளே கட்டைகள்மேல் வெள்ளையாகப் பூஞ்சை. மச்சான் ஒரு கட்டையை உருவி இன்னொன்றோடு தட்டினார். தொப்பென்றது. வேறு பையில் எடுத்துத் தட்டினார். அதுவும் தொப்பென்றது. அப்படியே மரச்சட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்திக்கு போன் பண்ணு மாப்ளே, ஆவடி ஆளுங்களையே வரச் சொல்லிடலாம் என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? வாழ்க்கை முழுக்க அடைத்தே பேர் வாங்கிய மனிதர், கைக்கு வந்ததைத்தானே செய்தார்.

அக்காதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சோத்துக்குத்தான் தம்மு. வெறகுக்கு இன்னாத்துக்கு தம்மு? எந்திரிச்சு தொறங்க அத மொதல்ல."

மச்சான் எழுந்தார். தார்ப்பாயை உருவி எறிந்தோம். இரண்டு மூன்று கட்டையைக் கோடரியால் பிளந்து பார்த்தபோதுதான் உயிர் வந்தது. ஈரமெல்லாம் மேல் தோலோடு சரி. உள்ளே கட்டை வெயில் குடித்த நிறத்திலேயே இருந்தது. காற்றுதான் வேண்டும். அப்போது என் கண் பைகளின் வாரில் விழுந்தது. நாள்பூராவும் தூக்குவதற்கென்று தைக்கிறேன், தூக்கவேண்டும் என்று தோன்றவில்லையே என்று என் தலையில் நானே தட்டிக்கொண்டேன். அது மெக்கானிக் ஷெட் ஆயிற்றே. லாரி என்ஜினைத் தூக்குவதற்காகக் குறுக்கே போட்ட கனத்த இரும்பு உத்தரமும், சங்கிலிக் கப்பியும் அப்படியே இருந்தன. பூஞ்சை பிடித்த கட்டைகளை வெந்நீர் அடுப்புக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதைத் தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்து, பையைப் பாதியளவு நிரப்பி, நாலு வாரையும் கொக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுத்தோம். முதல் பை தரையைவிட்டு எழும்பி லேசாக ஆடியபோது அக்கா கை தட்டினாள். ஒவ்வொன்றாக ஏற்றி உத்தரத்தில் கட்டினோம். ஷெட்டின் இரண்டு பக்கக் கதவையும் திறந்துவிட்டதும் வாடைக் காற்று நுழைந்து, பைகளின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு போயிற்று. யூனிட்டில் ஓனரைக் கேட்டுப் பெரிய மின்விசிறி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தேன். சாரல் வந்தால் தார்ப்பாயைக் கூரையாக மட்டும் விரிக்கவேண்டும், பக்கத்தை மூடக் கூடாது என்று அக்கா சட்டம் போட்டாள். மச்சான் மணலைத் தொட்டாலே முறைத்தாள்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து தூறல். மண்டபத்தின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே அடுப்பு. சம்பந்தியும் புதுச் சட்டையோடு வந்து ஒதுங்கி நின்றார். விசாரிக்க வந்தவர் மாதிரி காட்டிக்கொண்டார், கண் மட்டும் விறகின்மேலேயே இருந்தது. மச்சான் இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினார். டங்கென்றது. பிஸ்மி சொல்லித் தீ வைத்தார். பற்றிய தீ சடசடவென்று நிமிர்ந்து எரிந்தது. புகையைத் தேடினேன், இல்லை. தீயைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்ற சம்பந்தியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. தம் முடிந்து மாவை உடைத்து மூடியைத் தள்ளியபோது முதல் ஆவியிலேயே குனிந்தவர் சம்பந்திதான். மூச்சை நன்றாக இழுத்தார், இன்னொரு தடவையும் இழுத்தார். அப்புறம் மச்சானின் மாவு ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, வெறகு எங்க வாங்குறீங்க என்று கேட்டார். வேறு ஒரு வார்த்தையும் பாராட்டாகச் சொல்லவில்லை. மச்சானுக்கு அது போதும்.

இன்றைக்குப் பாரிவாக்கத்தில் அந்த ஷெட்டைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. பால்கனியில் காபி குடிக்கிற ஐடி பிள்ளைகள், உத்தரத்தில் தொங்குகிற பைகளையும் தலைகீழ்த் தீயையும் போட்டோ எடுக்கிறார்கள். மச்சான் இன்னும் தேக்சாவை விடவில்லை. சம்பந்தி ஓய்வுபெற்ற பிறகு, பஸ் பிடித்து வந்து பை மாட்ட ஒத்தாசை செய்கிறார். ஆவடி கேஸ்காரர்களைப் பற்றி இப்போது பேச்சே இல்லை. நான் யூனிட்டில் வலைப்பையை எப்போது பரிசோதித்தாலும் வாரைத்தான் முதலில் இழுத்துப் பார்க்கிறேன்.

ஆனால் அந்தக் கல்யாண நாளில் என் மனதில் நிற்பது பிரியாணி இல்லை. பந்தி முடிந்து, பெண்ணை அழைத்துப் போக வாசலில் கார் வந்து நின்றது. மச்சான் பின்கட்டைவிட்டு வரவில்லை. நானும் அக்காவும் தேடிக்கொண்டு போனோம். காலி தேக்சாவுக்குப் பக்கத்தில் திரும்பி நின்று, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக் கல்யாணமானாலும் பெண் கிளம்புகிற நேரத்தில் அவர் இப்படித்தான். கேட்டால் புகை என்பார். எங்களைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அதையே சொல்ல வாயெடுத்தார்.

"புகையே இல்லியேங்க இன்னிக்கு," என்றாள் அக்கா.

சுற்றிலும் பார்த்தார். அடுப்பில் தணல் சுத்தமாகச் சிவந்து கிடந்தது. சொல்ல ஒன்றும் அகப்படாமல், மச்சான் எங்கள் முன்னால் நின்று அழுதார்.