புகை போட்ட பாசித்தொட்டி

பள்ளங்கி என்கிற மலையூரில் செல்வமுருகனுக்குக் கையும் அடங்காது, வாயும் அடங்காது. அதை அவரே ஒத்துக்கொள்வார். காளான் வளர்த்தார்; வாடை நாலு தெருவுக்கு வந்தது. முயல் வளர்த்தார், அத்தனையும் பக்கத்துக் கேரட் தோட்டத்தில் குடியேறின. "இந்த மகாமேதை" என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அவர் மூன்றாவதாகக் கையிலெடுத்தது, சத்துப்பொடிக்கு விற்கிற சுருள்பாசி. வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார். அந்த இடம் மனைவி தமயந்தியின் பூண்டுப் பாத்தி.

"இதுவும் போச்சுன்னா தொட்டிய ஒடச்சுப் பூண்டு ஊண்டிருவேன், பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் இடத்தைக் கொடுத்தாள்.

காளான் போனபோதும் முயல் போனபோதும் சிரித்துக்கொண்டவர்தான். ஆனால் காலையில் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்துபோகும். இதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

பாசி வளர்க்கக் கொடுத்த பயிற்சியில் ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது. பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், ஆக்சிஜனை விடும். மீதியைக் கேட்பதற்குள் டீ வந்துவிட்டது. பூண்டுக்கட்டைப் பரணில் தொங்கவிட்டு, கெடாமல் இருக்கக் கீழே புகை போடுகிற ஊர்க்காரர் அல்லவா? புகையிலும் அந்த வாயுதானே இருக்கிறது, பூண்டுக்கு ஆகிற புகை பாசிக்கு ஆகாதா என்று பாலிதீன் தாளால் தொட்டியை இழுத்து மூடி, ஓரத்தில் புகைச்சட்டியைச் செருகினார். பாசி விடுகிற ஆக்சிஜனும் வெளியே ஓடாது, இரட்டை லாபம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நல்ல வெயில் அடித்த வாரத்தில் தொட்டி மஞ்சளித்தது. தமயந்தி கடப்பாரையைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தாள். அவர் உடனே பயிற்சி கொடுத்த சுகன்யாவுக்குப் போன் போட்டார்.

"மூடியா வச்சீங்க? கலக்கவே இல்லையா?"

"ஆடாம அசையாம இருந்தா நல்லா வளரும்னு நெனச்சேங்க மேடம். புகையும் போட்டேன்."



"அண்ணே, அது விட்ட ஆக்சிஜன் தண்ணியிலயே தேங்குனா அதோட வளர்ச்சிதான் நின்னுபோகும். அதுக்கு வேணுங்கிற கரியமில வாயு நாம தண்ணியில போட்ட சோடா உப்புலயும் வெளிக்காத்துலயும் இருக்கு. புகை போட அது என்ன பூண்டா? மொதல்ல தெறந்துவிட்டு, பகல்பூரா அப்பப்போ கலக்கிவிடுங்க."

குனிந்து நிமிரச் சோம்பல்பட்டுப் பூண்டை மனைவி தலையில் கட்டிவிட்டுப் பாசிக்கு வந்தவர், இப்போது தாளை விலக்கிவிட்டுப் பொழுதெல்லாம் மூங்கில் கழியும் கையுமாக நின்றார். கலக்கக் கலக்கக் குமிழி கிளம்பியது.

"என்ன மாமா, பாயாசமா?" என்றார்கள் வழியில் போகிறவர்கள்.

"ஒனக்கும் ஒரு டம்ளர் வைக்கவா?" என்றார்.

ஒருநாள் மத்தியானம் தமயந்தி வந்து கடப்பாரையைக் கையில் எடுத்தாள். செல்வமுருகன் குறுக்கே போய் நின்றார்.

"ஓரத்துல பச்சை திரும்புது தமயந்தி. நீயே பாரு."

"பாத்துட்டுத்தான் வாறேன். தள்ளுங்க."

தாள் பறக்காமல் மூலையில் வைத்திருந்த கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினாள். அதன் அடியில் மடங்கிக் கிடந்த மிச்சத் தாளையும் உருவி எறிந்தாள். பிறகு அவர் கையிலிருந்த கழியை வாங்கிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் மூடியே கெடக்கு, அதக்கூடப் பாக்கல. போயிச் சோறு தின்னுட்டு வெரசா வாங்க. எனக்குப் பூண்டுல சோலி கெடக்கு."

அவர் எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு சாப்பிடப் போனார்.