ட்ரியெஸ்டே வரை போன நோயெல்லா

கணவன் கில்பர்ட்டை அடக்கம் செய்த அன்று, கல்லறைக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் உறவுக்காரர்கள் எல்லாரும் பன்றிக்கறி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே நோயெல்லாவுக்கு ஒரே புத்திமதியைத்தான் சொன்னார்கள். அதிலும் கில்பர்ட்டின் தங்கை கிறிஸ்தியான் விடவே இல்லை.

"இனிமேலாவது உனக்குன்னு வாழு அண்ணி. ஊர் ஊரா ரயில்ல சுத்து. எங்க ஆபீஸ்ல ஒருத்தி இப்படித்தான் ஐரோப்பா முழுக்கப் போய் தன்னைத்தானே கண்டுபிடிச்சுட்டு வந்தா. ஆளே மாறிட்டா."

"அவ முன்னாடியே நல்லாத்தானே இருந்திருப்பா?" என்றாள் நோயெல்லா. எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிப்புக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பெல்ஜியத்தில், ஆல்ஸ்ட் நகரில் அவள் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. முன்னறையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கில்பர்ட் கூரை வேலைக்காரன். கல்யாணமாகி ஐந்தாறு வருடத்தில், ஒரு மழை நாளில், கூரையிலிருந்து வழுக்கி விழுந்தான். கழுத்துக்குக் கீழே அசைவெல்லாம் போயிற்று. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகக் குறைந்தது. இருபத்தேழு வருடம் நோயெல்லா அவனைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புண் வராமல் புரட்டிப் போட்டாள். வியாழக்கிழமைகளில் நர்ஸ் வரும் நேரத்தில் மட்டும் ஓடிவந்து என் நாற்காலியில் உட்கார்வாள். ஊரில் அவளைப் புனிதவதி என்றார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் அவள் முகம் கல்லாகிவிடும். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வோம்.

அடக்கம் முடிந்த மே மாதம் அவளே வந்து கேட்டாள். "இத்தாலியில ட்ரியெஸ்டேன்னு ஒரு ஊர் இருக்கு. ரயில்ல போகணும். கூட வர்றியா, மிரேய்?"

வேறு எங்கும் இல்லாமல் அந்த ஊர் எதற்கு என்று கேட்டேன். கடல் இருக்கிறது என்றாள். கடைக் கதவில் விடுமுறைப் பலகையை மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் கொலோனில் தங்கினோம். சாப்பாட்டு மேசையில் எனக்கு வறுத்த இறைச்சி வந்தது. நோயெல்லா பேசிக்கொண்டே என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்ட ஆரம்பித்தாள்.

"ஏய், எனக்குக் கை இருக்குடி!"

அவள் கத்தியைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அதற்கப்புறம் எல்லாமே கண்ணில் படத் தொடங்கியது. தெருவில் நடக்கும்போது சக்கர நாற்காலி போக முடியாத படிகளைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனாள். சால்ஸ்பர்க்கில் பணியாள் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, "இவளுக்கு என்னவோ, அதே" என்று என்னைக் காட்டினாள். நான் எரிந்து விழுந்தேன். "உனக்குன்னு ஒண்ணு பிடிக்காதா?" என்றேன். அவள் உணவுப் பட்டியலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் போய்விட்டு இரண்டு முறை திரும்பி வந்தான். கடைசியில் சூப் என்றாள்.

அங்கேயே ஒரு துணிக்கடையில் பச்சை நிற மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். திரும்பி என்னைக் கேட்டாள்: "இது எனக்குப் பிடிச்சிருக்கா?"

நன்றாக இருக்கிறதா என்று கேட்க நினைத்து வாய் தவறிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். "நல்லாத்தான் இருக்கு, வாங்கு" என்றேன். கழற்றி மாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் பில்லாக் நகரம் தாண்டி, ரயில் மலைகளுக்கு நடுவே தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் எங்களைத் தவிர ஆள் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"அவன் விழுந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலைல எனக்கு ட்ரியெஸ்டேக்கு ரயில்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ரெண்டு பேருமா?"

"நான் மட்டும். அவனை விட்டுட்டு."

அந்த வாரம் அவள் முடியை வெட்டியவள் நான். குட்டையாக வெட்டு, வெயிலுக்கு நல்லது என்று சொன்னாள். மழைக்காலம் அது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பிறகு அவளே விவரமாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தைய கோடையில், ஆஸ்டெண்ட் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை பார்த்திருக்கிறாள். கூட வேலை செய்தவள் லோரெதானா என்ற இத்தாலியப் பெண். அவள் அப்பாவுக்கு ட்ரியெஸ்டேயில் சின்ன ஹோட்டல். 'எப்ப வேணாலும் வா, மாடியில ஒரு அறை இருக்கு, கடல் தெரியும், வேலையும் உண்டு' என்று சொல்லியிருக்கிறாள்.

"கில்பர்ட் கெட்டவனாடி?" என்று கேட்டேன்.

"சேச்சே. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அவன் கூட இருந்தா எனக்கு மூச்சு முட்டும். அவ்வளவுதான். அதை யார்கிட்ட சொல்ல முடியும்?"

"அவனுக்குத் தெரியுமா?"

"பெட்டியைக் கட்டி கட்டிலுக்குக் கீழ வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை காலைல அவன் செருப்பைத் தேடிக் குனிஞ்சான். பெட்டியைப் பார்த்துட்டுத்தான் கூரை ஏறினானா, பார்க்காமலா? தெரியாது. இத்தனை வருஷமும் ஊட்டும்போதெல்லாம் அவன் கண்ணைப் பார்ப்பேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவானோன்னு பயம். கேட்கவே இல்ல."

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. நல்லவேளை, என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தேன்.

ட்ரியெஸ்டேயில் அந்த ஹோட்டல் இன்னும் இருந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில், நான்கு மாடி. நுழைந்ததும் மேசைக்குப் பின்னால் குள்ளமாக, முடிக்குச் செம்பட்டைச் சாயம் பூசிய ஒரு பெண். நோயெல்லா அவளைப் பார்த்த உடனே கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள். பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

"லோரெதானா, நான் நோயெல்லா. ஆஸ்டெண்ட்ல ஒண்ணா வேலை பார்த்தோமே. பெல்ஜியம்."

"பெல்ஜியமா! அடடா, வா வா!" அவள் மேசையைச் சுற்றிவந்து இரு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "நீதானே அந்த மீன்பிடிக் கப்பல்காரனைக் கட்டிக்கிட்டவ?"

"இல்ல, அது நான் இல்ல."

"அப்போ பாட்டுப் பாடுவியே, வேலை நேரத்துல மேலாளர்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு…"

"அதுவும் நான் இல்ல."

லோரெதானா நெற்றியைச் சுருக்கினாள். நிஜமாகவே முயன்றாள், பாவம். "மன்னிச்சுக்கோ கண்ணு. ஒரு பத்துப் பேர் இருந்தோம் அங்க. எல்லாரையும் எங்க ஊருக்கு வாங்கன்னு கூப்பிட்டு வச்சேன். அப்பாகிட்ட அதுக்குத் திட்டு வாங்கினது மட்டும் ஞாபகம் இருக்கு."

"மாடியில ஒரு அறை இருக்கும்னு சொன்னே. கடல் தெரியும்னு."

"மாடியிலயா? அங்க தண்ணித் தொட்டியும் பழைய மெத்தையும்தான். எங்க ஹோட்டல்ல எந்த ஜன்னல்லேர்ந்தும் கடல் தெரியாதே, கிடங்கு மறைச்சிடும். சின்ன வயசுல வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன்." அவள் சிரித்துக்கொண்டே எங்களுக்குக் காப்பியும், கொட்டைப்பருப்பு வைத்துச் சுருட்டிய கேக்கும் கொண்டுவந்தாள். காசு வாங்கவில்லை. பிள்ளைகளின் படங்களைக் காட்டினாள். நோயெல்லா ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினாள்.

பிறகு கடலுக்குள் நீளும் கல்பாலத்தில் நடந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. நுனியில் ஒரு கட்டையில் உட்கார்ந்தாள்.

"அந்த அறையில என்னை மாதிரியே ஒருத்தி இருந்துக்கிட்டிருக்கான்னு நினைச்சேன் மிரேய். நான் வராததால அவ மட்டும் வந்து, வேலை பார்த்து, தினம் கடலைப் பார்த்து… இங்க வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு. அவனுக்கு ஊட்டும்போதெல்லாம் அவ இப்ப என்ன பண்ணிக்கிட்டிருப்பான்னு யோசிப்பேன்."

நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதையெல்லாம் சொன்னேன். இன்னும் வயசிருக்கிறது, இனிமேல் தொடங்கலாம், எல்லாம் நன்மைக்கே.

"வாயை மூடு, மிரேய்." கோபமே இல்லாமல் சொன்னாள்.

வெனிஸில் அறை பிடித்து வைத்திருந்தேன். வேண்டாம் என்றாள். நேராக வீட்டுக்கு வந்தோம்.

கொஞ்ச நாள் கழித்து, ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் போய்த் தானாகவே வேலை கேட்டிருக்கிறாள். சம்பளம் வேண்டாம், ஆளைத் தூக்கவும் புரட்டவும் தெரியும் என்றிருக்கிறாள். இப்போதெல்லாம் அதற்கு இயந்திரம் இருக்கிறது, சான்றிதழ் இல்லாதவர்கள் யாரையும் தொடக்கூடாது என்று அங்கிருந்த பெண் பதமாகச் சொன்னாளாம். வேண்டுமானால் புதன்கிழமைகளில் காப்பி ஊற்றலாம். சில புதன்கிழமைகள் போனாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் அவள் வீட்டுத் திரைச்சீலைகள் மதியம் வரை மூடியே இருக்கத் தொடங்கின. என்னிடம் ஒரு சாவி உண்டு. ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தால், சமையலறையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"எங்கயும் இல்ல. குளிருது."

கணப்பைப் போட்டேன். லீக் வெங்காயத்தண்டும் உருளைக்கிழங்கும் போட்டு சூப் வைத்தேன். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். எழுந்திரு என்றால் எழுந்தாள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடை திறக்கும் முன்னால் தினமும் போய், திரையை விலக்கி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பரில் ஒரு காலை, நான் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "நீ ஏன் தினம் வர்றே?"

"எதிர்வீடுதானே. இதுல என்ன இருக்கு?"

"வராதே. முதல்ல இப்படித்தான் இருக்கும். அப்புறம் உன்னால விட முடியாது."

என் கையிலிருந்து சீப்பை வாங்கி மேசையில் வைத்தாள்.

மறுநாளும் போனேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. சாவி திரும்பியது, கதவு நகரவில்லை. தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. என் கடை வாசலில் யாரோ வந்து காத்திருந்தார்கள். தெருவைக் கடந்து வந்துவிட்டேன்.