பழைய ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் இடம்

பழைய ஸ்கூட்டர் வாங்கப்போகிறேன், யோசனை சொல்லுங்கள் என்று அலுவலகத்துப் பையன்கள் யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "யாரப் பாத்துடா வயிறு எரியுது?" சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். ஆசைக்காக வாங்குகிறவன் நிதானமாகப் பார்த்து வாங்குவான். வயிற்றெரிச்சலில் வாங்குகிறவனுக்குக் கண் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறது.

எனக்கு எரிந்தது என் சகலையைப் பார்த்து. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். சிதம்பரத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன், குமாஸ்தா உத்தியோகம். இரண்டாயிரத்து ஆறு வாக்கில் அவன் எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்கூட்டரைப் பிடித்து, நீலப் பெயிண்ட் அடித்து, துடைத்துத் துடைத்து வைத்திருந்தான். கைப்பிடியிலேயே கியர், பக்கத்தில் ஸ்டெப்னி, முன்னால் அகலமாகக் கால் வைக்கிற தகடு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். என் பைக்கில் ஒரு நாளும் ஏறாத மாமனார், அவன் பின்னால் உட்கார்ந்து டீ குடிக்கப் போவார். போகட்டும், அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது என் மகள் விஷயம். அப்போது அவள் யு.கே.ஜி. மாமனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "சித்தப்பா எங்க?" என்பாள். அவன் வருவான். இவள் ஓடிப்போய் அந்தத் தகட்டில் ஏறி நின்று, கைப்பிடியின் நடுவில் பிடித்துக்கொள்வாள். கோயிலைச் சுற்றி இருக்கிற நாலு வீதியையும் வலம் வருவார்கள். ஹாரன் முழுக்க இவள் பொறுப்பு. திரும்பி வரும்போது முடியெல்லாம் பறந்து முகம் பளபள என்று இருக்கும். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொல்வாள்: "முன்னாடி நின்னா காத்து வாயிக்குள்ள வருதுப்பா."

நானும் அவளை என் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துப் பார்த்தேன். பாரதி சாலை முடிவதற்குள், "சுடுதுப்பா, எறக்கு" என்றாள்.

சகலைக்குக் குழந்தை இல்லை. இந்த ஒன்றைச் சொல்லித்தான் எல்லோரும் என் வாயை அடைப்பார்கள். "பாவம், அவருக்கு அது ஒரு சந்தோஷம், அதுல கூடவா உங்களுக்கு?" என்பாள் மனைவி. நியாயம்தான். நியாயம் புரிந்தால் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன? என் பிள்ளை முதல் முதலாகக் காற்றில் வாயைத் திறந்தது வேறொருத்தன் வண்டியில் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நானும் ஸ்கூட்டர் வாங்குவது என்று முடிவு செய்தேன். "புதுசா ஒன்னு வாங்கிடுங்களேன், பட்டனை அமுக்குனா கெளம்பிடுது" என்றாள் மனைவி. புதுசா? அவனுடையதைவிடப் பழசாக, அவனுடையதைவிட அழகாக வேண்டும் எனக்கு. விஷயம் அவன் காதுக்குப் போய், அவனே போன் செய்தான்.

"சகல, நான் ஒரு எட்டு வரட்டா? பாத்து வாங்கணும் இந்த வண்டியெல்லாம். ஏமாத்திடுவாங்க."

"எதுக்கு சிரமம்? எங்களுக்கும் கண்ணு இருக்கு" என்று வைத்துவிட்டேன். இதிலிருந்தே முதல் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி தெரிந்தவன் யாராக இருந்தாலும், உங்கள் ஜென்ம எதிரியாக இருந்தாலும், கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓ.டி. என்று நாங்கள் சொல்கிற கடலூர் பழைய டவுனில், துறைமுகத்துப் பக்கம் ஒரு புரோக்கர். வெள்ளிக்கிழமை காலை வரச் சொன்னார். போனதும் உட்காரவைத்து டீ, பிறகு வடை, பிறகு அந்த வண்டியை முன்னால் வைத்திருந்தவர் எவ்வளவு பெரிய மனிதர் என்ற கதை. வண்டியைச் சாய்த்து ஒரே உதைதான் உதைத்தார், கிளம்பிவிட்டது. அடேயப்பா என்று நினைத்தேன். இன்ஜின் பக்கம் கையை வைத்துப் பார்த்திருந்தால், நான் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். ஆறிப்போன வண்டியை உங்கள் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள். பெயிண்ட் மின்னினால் சந்தேகப்படுங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டியின் உடம்பு முழுக்க ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் பூசியிருக்கிறது. கடற்கரை ஊர் வண்டியென்றால் படுத்து அடியிலே பாருங்கள், உப்புக்காற்று அங்கேதான் முதலில் தின்னும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் அரைகுறையாகத் தெரியும். குனியத்தான் போனேன். புரோக்கர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், மணி பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள சாவி கை மாறிட்டா நல்லது. அப்புறம் உங்க இஷ்டம்."

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பத்தரை. என்னைப் பெற்றவர்கள் அந்த நேரத்தில் தீப்பெட்டிகூட வாங்க மாட்டார்கள். விழுந்தடித்துக்கொண்டு அட்வான்ஸைக் கொடுத்து, சாவியை வாங்கி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பத்து இருபத்தெட்டுக்கு வெளியே வந்தபோது ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கள் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் இதே தப்பைத்தான் செய்திருப்பான். ஆகவே என் முக்கியமான யோசனை: பழைய வண்டியை ராகு காலத்தில் போய்ப் பாருங்கள். எமகண்டம் என்றால் இன்னும் விசேஷம். யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது. ஒன்றரை மணி நேரம் உங்களுடையது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல நேரம் வந்த பிறகு வாங்குங்கள், இல்லை கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நேராகத் திருவந்திபுரம் போய், மலையடிவாரத்தில் நிறுத்தி, ராகு காலம் கழிந்ததும் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, வண்டிக்குப் பூஜை முடித்தேன். வீட்டு வாசலில் மகள் காத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அன்று பார்த்த வெளிச்சத்துக்கு எதையும் கொடுக்கலாம். "நிக்கட்டாப்பா?" என்று காலைத் தூக்கினாள்.

"இரு பாப்பா, மேட் எல்லாம் தண்ணி, வழுக்கிடும்" என்று மனைவி அந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினாள். தூக்கிய கையோடு நின்றுவிட்டாள்.

"என்னாங்க இது, தெருவு தெரியுது!"

குனிந்து பார்த்தேன். குழந்தை கால் வைக்க வேண்டிய இடத்தில் தகடு துருப்பிடித்து உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே எங்கள் வீட்டுக் கோலம் தெரிந்தது. நல்லவேளை, மேட் ஈரமாக இருந்தது. மகள் காலைக் கீழே வைத்துவிட்டாள். "ஒரு போன் பண்ணியிருந்தா அவரு வந்து பாத்திருப்பாரு" என்றாள் மனைவி. யார் அந்த அவரு என்று நான் கேட்கவில்லை.

நெல்லிக்குப்பம் ரோட்டில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த மாசமே அவர்கள் அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வெல்டு வைத்துவிட்டார்கள். "குண்டு போட்டாலும் தாங்கும் சார், ஓட்டிட்டுப் போங்க" என்றார்கள். போயிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அவன் வண்டியில் ஹெட்லைட்டைச் சுற்றிப் பளபளக்கிற வளையம் இருந்தது. என் வண்டியில் இல்லை. அதைத் தேடிப் பாண்டிச்சேரிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். கிடைத்த பிறகு சீட்டு சரியாகப் படவில்லை. பிறகு பெயிண்ட். அடித்து முடித்துப் பார்த்தால் அச்சு அசல் அவனுடைய நீலம்! சுரண்டச் சொல்லிவிட்டேன். பச்சை அடித்துக் காய்வதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அதற்கப்புறம் இன்ஜினைப் பிரித்தார்கள், பிரித்தது பிரித்தபடி கிடந்தது.

"பாப்பா நிக்கறதுக்குன்னு தானே வாங்குனீங்க?" என்பாள் மனைவி.

"கொஞ்சம் பொறு. அவன் வாயடைச்சுப் போவணும்."

பாப்பா இரண்டாம் வகுப்புக்குப் போனாள். மூன்றாம் வகுப்புக்கும் போனாள். சிதம்பரம் போகும்போதெல்லாம் அவன் வண்டியில்தான் நின்றாள்.

ஒருவழியாக என் வண்டி தயாரானது. உண்மையைச் சொல்கிறேன், கடலூர் ஜில்லாவில் அப்படி ஒரு வண்டி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். மனைவி பின்னால். மகள் முன்னால் ஏறி நின்றாள். நான் உட்கார்ந்து பார்த்தால், எனக்கு முன்னால் அவள் பின்னந்தலைதான் இருந்தது. ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை, நடு வகிடு. ரோடு இல்லை.

"கொஞ்சம் குனிஞ்சுக்கோ பாப்பா."

குனிந்தாள். முதுநகர் தாண்டும்வரை குனிந்தே வந்தாள். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை என்று தலையை நீட்டி நீட்டி ஓட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே கொன்றான். ஓரம் கட்டி நிறுத்தினேன்.

"கழுத்து வலிக்குதுப்பா. நான் பின்னாடி அம்மாகிட்ட உக்காந்துக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அவள் இறங்கிய இடத்தில் மனைவி துணிப்பையை வைத்தாள்.

சிதம்பரத்தில் சகலை வெளியே வந்து என் வண்டியை ஒரு சுற்று சுற்றினான். உட்கார்ந்து அடியிலே பார்த்தான், தகட்டைத் தட்டிப் பார்த்தான். "என் வண்டியெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது சகல" என்றான். இந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

அவன் அந்தத் துணிப்பையைப் பார்த்தான். "நம்ம பாப்பா நிக்கலையா?"

"வளந்துட்டா. ரோடு மறைக்குது."

"ஆமா சகல. ஆயுத பூஜை அன்னைக்கு நானும் பாப்பாவும் நம்ம கடைக்குப் பொரி வாங்கிகிட்டு வந்தோம் பாருங்க, அப்பவே கீழ வீதி திரும்பும்போது எனக்கு ரோடு தெரியல. இதான் கடைசின்னு தோணிச்சு. அதான் வீட்டுக்குத் திரும்பாம, நாலு வீதியும் இன்னொரு ரவுண்டு ஜாஸ்தியா சுத்துனேன். அவகிட்ட சொல்லல."

சொல்லிவிட்டு உள்ளே போய், எங்களுக்குக் காபி போடச் சொன்னான். நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். வளையம், சீட்டு, பெயிண்ட் எல்லாம் தேடிப் பிடித்து வாங்கிவிட்டேன். அந்த ஒரு ரவுண்டை நான் எங்கே போய் வாங்குவேன்?