பாடைக்குக் கொடுக்காத தோள்

கோகிலவாணி மொரப்பூர்ப் பக்கத்தில் பிறந்து, மாரண்டஹள்ளிக்கு அருகே ஒரு தக்காளி விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டவள். வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள். பாலக்கோடு மண்டியில் சரக்கைத் தரம் குறைத்துச் சொன்னால், கணவன் சந்திரமோகன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அவள்தான் எடுத்துப் பேசுவாள். அந்த வாய் அடைத்துப்போய் மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

எல்லாம் ஒரு வரப்பினால் வந்தது. சந்திரமோகனின் பெரியப்பா மகன் மாதேஸ்வரன் உழும்போது வரப்பைத் தள்ளிவிட்டார் என்று பேச்சு முற்றியது. சந்திரமோகன் மண்வெட்டிக் காம்பால் ஓங்கி அடித்ததில் அவருடைய முன்கை முறிந்தது. முதற்குற்றம் என்பதால், நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் மூன்றாண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டது. மாதந்தோறும் தருமபுரிக்குப் போய் நன்னடத்தை அலுவலர் முன் நிற்க வேண்டும். அனுமதியின்றி மாவட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது. மாதேஸ்வரனின் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஒன்றை மீறினாலும் சிறைதான்.

"செயிலுக்குப் போவாம தப்பிச்சான்" என்று ஊர் சொன்னது. சிறை வீட்டுக்குள் வந்துவிட்டதையும், அதற்குக் காவலாகத் தான் அமர்த்தப்பட்டதையும் கோகிலவாணி மட்டுமே அறிந்திருந்தாள். பண்டிகைக் கூட்டத்தில் யாராவது கணவனைச் சீண்டிவிடுவார்கள் என்று அவனைக் கோயிலுக்கே அனுப்பவில்லை. டீக்கடைக்குப் போனால், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று கேட்டுவைத்துக்கொள்வாள். அலுவலர் வீட்டுக்கு வரும் நாள்களில், "அப்பா குடிக்கறதில்லீங்க, சண்டைக்கும் போறதில்லீங்க" என்று, அவர் கேட்கும் முன்பே ஒப்பிக்க மகள் ராதிகா பழகியிருந்தாள். மாதேஸ்வரனின் ஆடு தக்காளிச் செடியில் வாய்வைத்தால்கூடக் கோகிலவாணி அதட்டமாட்டாள். கையால் தடவித் தடவித் தள்ளிக்கொண்டு போய் விடுவாள்.

"ஆட்டுக்குமா வாங்க போங்க சொல்லணும்?" என்று மாதேஸ்வரனின் மனைவி சின்னக்கா வரப்பில் நின்று சிரித்தாள். கோகிலவாணி ஆட்டை வரப்புக்கு அப்பால் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

ராதிகாவைப் பாலக்கோட்டிலிருந்து ஒரு நல்ல குடும்பம் கேட்டிருந்தது. பையனின் தந்தை, "கேஸு முடியட்டுமுங்க. அப்பறம் வெத்தல மாத்திக்கலாம்" என்று பொறுமையாகவே சொன்னார். அதனால் கோகிலவாணி நாள்களை எண்ணிக்கொண்டு வந்தாள். இன்னும் நாற்பது நாள்கள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதேஸ்வரனின் தாயார் இறந்துபோனார்.

அந்த வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பகை எதுவாயினும், பங்காளி வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆண் வந்து பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டும். கொடுக்காத வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்தால், எந்தப் பங்காளியும் பாயில் அமர்ந்து தாம்பூலம் வாங்கமாட்டார். பங்காளி அமராத பாயில் பெண்ணெடுக்க எவரும் துணியமாட்டார்.

கோகிலவாணி அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் நல்ல மனிதர், முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா அடிபட்டவர் வீடு. நானா போங்கன்னு சொல்ல முடியாது. நாளைக்கு வந்து எழுதிக் குடுங்க, கோர்ட்டுல கேட்டுப் பாக்கலாம்."

"இன்னிக்கு நாலு மணிக்கு எடுத்துருவாங்களேங்க."

"பாத்து நடந்துக்கங்கம்மா" என்றார் அவர்.

சந்திரமோகன் சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

"பெரிம்மா எனக்குச் சோறு போட்டவங்க. செயிலுதானே, போனாப் போவுது" என்றான்.

"நீங்க போயிருவீங்க. அவள யாரு கட்டுவா?" என்று உள்ளே இருந்த ராதிகாவைக் கண்ணால் காட்டினாள் கோகிலவாணி.

நண்பகலில் மாதேஸ்வரனின் மைத்துனன் குமார் வெளிக்கதவருகே வந்து நின்றான். "அக்கா, மாமா சொல்லி அனுப்புனாருங்க. பழசெல்லாம் பேச வேண்டாம், வந்து தோள் குடுக்கச் சொன்னாரு."

அவன் கையில் கைபேசி இருந்தது. அதைத்தான் கோகிலவாணி பார்த்தாள். வாசலை மிதித்தவுடன் படமெடுத்து, மறுநாளே தருமபுரிக்கு அனுப்பினால் என்ன செய்வது? மூன்றாண்டுகளாக எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்துப் பழகிய கண் அது.

"அவருக்குக் காச்ச. எந்திரிக்க முடியல" என்றாள்.

"அக்கா, ஒரு நிமிசம், இத..." என்று குமார் சட்டைப்பைக்குள் கைவிடுவதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டாள். மேளச் சத்தம் தெருவைக் கடந்து சுடுகாட்டுப் பக்கம் தேயும்வரை சந்திரமோகன் இடுப்புத் துண்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

நாற்பது நாள்களும் கழிந்தன. "ஒரு புகார்கூட இல்லாம முடிச்சிட்டீங்க" என்று அலுவலர் மனமார மகிழ்ந்தார். பாலக்கோட்டார் நாள் குறித்தனர். கோகிலவாணி வெற்றிலை பாக்கோடு பங்காளி வீடுகளுக்கெல்லாம் சென்று அழைத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டனர், எவரும் வருவதாகச் சொல்லவில்லை. கடைசியாக மாதேஸ்வரனின் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, நீங்க வந்து உக்காந்தாத்தான் மத்தவங்களும் வருவாங்க."

"எங்க ஆத்தாவ ஒரு மணி நேரம் வாசல்லயே வெச்சிருந்தோம் கோகிலா, அவன் வருவான்னு" என்றார் அவர். குரலில் கோபமில்லை. "அவன் வர்றதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குமாருகிட்டக் குடுத்தனுப்பினேன். நீ கதவச் சாத்திட்டயாமே."

சரியாக நீளாத வலக்கையால் அந்தத் தாளை எடுத்து அவள் முன் வைத்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அந்தத் தாள் நீதிமன்றத்தில் செல்லுபடியாகியிருக்குமா என்று கோகிலவாணிக்கு இன்றுவரை தெரியாது.

"காச்ச வுட்டுருச்சா?" என்று சமையலறையிலிருந்து சின்னக்கா கேட்டாள்.

நிச்சயதார்த்த நாளன்று கூடத்தில் பெரிய பாய் விரிக்கப்பட்டது. ஒரு பக்கம் பாலக்கோட்டார் பன்னிரண்டு பேர் அமர்ந்தனர். மறுபக்கம் சந்திரமோகனும் மொரப்பூரிலிருந்து வந்த கோகிலவாணியின் அண்ணனும் மட்டுமே இருந்தனர். மைத்துனர்கள் எத்தனை பேர் வந்தாலும் பங்காளிக்கு ஈடாகமாட்டார்கள்.

"பங்காளிங்க யாரும் வல்லீங்களா?" என்று பையனின் தந்தை மெல்லக் கேட்டார்.

"வந்துட்டிருக்காங்க" என்றாள் கோகிலவாணி.

ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பாயசத்தைக் குடித்துவிட்டு, "நல்ல நாள் பாத்துச் சொல்லி அனுப்பறமுங்க" என்று எழுந்தார்கள். கொண்டுவந்த தாம்பூலத் தட்டை, மூடிய துணி விலகாமல், திரும்ப எடுத்துச் சென்றார்கள். ராதிகா பட்டுப்புடவையோடு வந்து பாயின் ஒரு முனையைப் பிடிக்க, தாயும் மகளுமாகச் சுருட்டினார்கள்.

சந்திரமோகன் வாசற்படியில் நின்றான். பிணை முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

"வரப்புப் பக்கம் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

"மாமா தோட்டத்துல இல்லைன்னு பாத்துட்டுப் போங்க" என்றாள் கோகிலவாணி.