கிரேனுக்கு மேலே அக்கா கூட்டிய அடிகள்

என் அக்காவுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் ‘கூட்டல்’. மூன்று பேருக்குச் சமைக்கச் சொன்னால் ஐந்து பேருக்கு வைப்பாள். ரயிலுக்குக் கிளம்பினால் அதற்கு முந்தைய ரயிலை வழியனுப்பி வைப்பாள். வேலையும் அப்படியே வாய்த்தது.

மேகம் மூடிய நாளில் விமானி ஓடுபாதை தெரியாமலே எவ்வளவு தாழ வரலாம் என்று கணக்குப் போடுவதுதான் அவள் உத்தியோகம். இறங்கி வரும் வழியில் எது உயரமோ, மரமோ கோபுரமோ, அதோடு இருநூற்றைம்பது அடி கூட்டுவாள். அந்த எல்லைக்கு வந்தும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் விமானி மேலே ஏறிவிட வேண்டும். அதில் பேரமே கிடையாது.

வெகுகாலம் எங்கள் ஊர் விமான நிலையத்துக்கு இறங்கும் வழியில் நூற்றைம்பதடித் தண்ணீர்த் தொட்டிதான் உயரம், எல்லை நானூறு. பிறகு ஒரு அடுக்குமாடி எழுந்தது. கட்டுகிறவர்கள் கட்டடத்தின் உயரத்தை ஒழுங்காகத் தெரிவித்தார்கள். அதைக் கட்டும் கிரேனை மறந்துவிட்டார்கள். பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்த அக்கா ஆளனுப்பி அளக்க வைத்தாள். முந்நூறு அடி. அன்றைக்கே எல்லையை ஐநூற்றைம்பது ஆக்கினாள். விமானக் கம்பெனிக்காரர்கள் மூக்கால் அழுதார்கள்.

அடுத்த வாரம் என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது. வெளியூரில் இருந்த நான் அடித்துப்பிடித்து விமானம் ஏறினேன். ஊருக்கு மேலே அடைமழை. விமானம் தாழ்ந்தது, ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை, சட்டென்று உறுமிக்கொண்டு மேலே ஏறியது. வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனில் அக்காவைப் பிடித்தேன்.

“பழைய நானூறையே விட்டு வச்சிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியில இருப்பேன்ல?”

“நானூறுன்னா கிரேனுக்கும் உனக்கும் நடுவுல நூறடிதான்டா. காத்து ஒரு அமுக்கு அமுக்கினா? லேட்டா வா, பரவாயில்ல. வந்து சேரு.”

பட்டென்று போனை வைத்தேன்.

டாக்சி பிடித்து ஊர் வந்தபோது வழியில் அந்தக் கட்டடம். அண்ணாந்து பார்த்தேன். கிரேனின் உச்சி தெரியவில்லை, மேகத்துக்குள் இருந்தது. இதற்கு மேலேதான் நாங்கள் வந்திருக்கிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் அக்காவின் மடியில் இருந்தாள்.

“பாரு கண்ணு, இவங்கதான் உன் அத்தை. உனக்கு அப்பா இருக்கேன்னா இவங்களாலதான்” என்றேன். அக்காவுக்கு அதுவரை நான் நன்றி என்று ஒன்று சொன்னதே கிடையாது.

“வசனம் போதும். முதல்ல கையக் கழுவிட்டு வா.”

கழுவிக்கொண்டு வந்து ஈரக் கையோடு நின்றேன். அவள் என் மகளை என்னிடம் கொடுத்தாள்.