கொட்டாஞ்சேனையில் ஒரு பியானோ

நாளை கொழும்பில் என் பியானோ கச்சேரி. மணிக்கட்டில் சத்திரசிகிச்சை செய்த பிறகு மேடையேறுவது இதுதான் முதல் தடவை. நடுவில் ஒலிப்பதிவு ஒப்பந்தம் ஒன்றும் கைவிட்டுப் போய்விட்டது.

வாசித்துப் பழகக் கொட்டாஞ்சேனையில் ஒரு மாதா கோயில் மண்டபத்துக்கு வந்திருக்கிறேன். பாடகர் குழுவை நடத்தும் பிலோமினா அன்ரி, பியானோ மேலிருக்கும் பிளாஸ்டிக் பூச்சாடியை எடுத்து ஜன்னலோரம் வைக்கிறார். தெருவில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே போகின்றன. மின்விசிறி சுழன்றும் முதுகெல்லாம் வியர்வை.

வாசிக்கத் தொடங்குகிறேன். வலது கை வேகமாக ஓடவேண்டிய இடம் வருகிறது. வலி எப்போதும் குத்துவது அங்கேதான். கையை எடுத்துவிடுகிறேன்.

"ஏன் மகள் நிப்பாட்டினீங்க? நோகுதா?"

"இல்லை அன்ரி. நோகப்போகுது எண்டு பயம்."

"அப்ப இன்னும் நோகேல்லத்தானே? வாசிங்க. நொந்தா நிப்பாட்டலாம், இங்க ஆர் கேக்கப்போறது?"

சிரிப்பு வந்துவிடுகிறது. முதலிலிருந்து தொடங்குகிறேன். அன்ரி தன் பாட்டுக்கு, நாளாந்தம் சனம் உட்காரும் வாங்குகளை ஒழுங்காக இழுத்துப் போடுகிறார். கடைசிச் சுரம் அடங்கிய பிறகுதான் உறைக்கிறது: அந்த இடத்தை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை.

"அன்ரி, இன்னொருக்கா வாசிக்கட்டா?"